டாங்கியின் பின்னால் ஏன் சங்கிலி தொங்குகிறது?

இஸ்ரேலின் மெர்காவா டாங்கியைப் பின்பக்கமிருந்து எடுத்த படம் கிடைத்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பீரங்கியோடு சேர்ந்து மேலே சுழலும் தலைப்பகுதியை டரெட் என்பார்கள். அதன் பின் விளிம்பு நெடுக வரிசையாகச் சங்கிலிகள் தொங்கும். ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் ஓர் இரும்பு உருண்டை. 65 டன் போர் வண்டிக்கு யார் இப்படி அலங்காரம் செய்தது என்றுதான் முதலில் தோன்றும்.

ஓசூர் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஆண்டுதோறும் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் அப்ரண்டிசாக வருகிறார்கள். 2019-ல் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியபோது சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரையும் அதில் சேர்த்தார்கள். அதிலிருந்து ராணுவத் தளவாடம் என்றால் இந்தப் பிள்ளைகளுக்குத் தனி ஆர்வம். டாங்கிப் பேச்சு வந்தால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "தகட்டைத் தடிமனாப் போட்டா வேலை முடிஞ்சுது. சங்கிலி, கூண்டு, பெட்டின்னு இத்தனை எதுக்கு சார்?"

பதிலைக் கால்குலேட்டரிலேயே காட்டிவிடலாம். ஏழு மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம் கொண்ட ஒரு பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கமும் அரை மீட்டர் தடிமனுக்கு எஃகு போட்டால் தோராயமாக 370 டன் வரும். எஞ்சின், பீரங்கி, ஆட்கள் எல்லாம் அதற்கு மேல். ஆவடியில் தயாராகும் அர்ஜுன் மார்க் 1ஏ மொத்தமே 68 டன்தான், அதையே ரொம்பக் கனம் என்று ராணுவத்தில் பல காலம் முனகிக்கொண்டிருந்தார்கள். பாலம் தாங்க வேண்டும், ரயில் தாங்க வேண்டும், மணலில் புதையாமல் ஓட வேண்டும். அதனால் தடித்த கவசம் எல்லா டாங்கியிலும் முன்பக்கத்துக்கு மட்டும்தான். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் கூரையிலும் தகடு மெலிந்துவிடும். சங்கிலியும் கூண்டும் வந்து உட்காருவது அங்கேதான்.

அரை மீட்டர் என்று ஏன் சொன்னேன்? தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி-7 ராக்கெட்டுக்கு வந்த ஒரு வகைக் குண்டு, 93 மில்லிமீட்டர் விட்டமே உள்ளது, அவ்வளவு எஃகைத் துளைக்கும். ஓர் ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஆயுதம் அது. அது எப்படித் துளைக்கிறது என்று புரிந்துவிட்டால், டாங்கியில் தொங்கும் விநோதங்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

செம்புக் கூம்பு

அந்தக் குண்டின் தலைக்குள் வெடிமருந்து இருக்கிறது. ஆனால் முன்பக்கம் கூம்பாகக் குடைந்து வைத்திருப்பார்கள். கூம்பின் வாய் டாங்கியைப் பார்த்து, கூர் பின்னால். குடைவின் உட்புறம் மெல்லிய செம்புத் தகடு. குண்டின் மூக்கு எதிலாவது மோதியதும் பின்னாலிருந்து மருந்து வெடிக்கத் தொடங்கும்.

பர்கூர், ஜெகதேவி பக்கம் கருங்கல் குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மருந்தைப் பாறை மேல் சும்மா வைத்து வெடித்தால் சத்தமும் தூசியும்தான் மிச்சம். துளை போட்டு உள்ளே இறக்கி வாயை அடைத்தால் அதே மருந்து பாறையைப் பிளக்கும். மருந்தின் அளவை விட அது எந்த வடிவத்தில் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயம். 1888-ல் சார்லஸ் மன்றோ என்ற அமெரிக்க வேதியியலாளர் இதை வேறு விதமாகக் கண்டார். வெடிமருந்துக் கட்டியில் குழிவாகப் பொறித்திருந்த எழுத்துகள், வெடித்த பிறகு அடியில் இருந்த எஃகுத் தகட்டில் அப்படியே பதிந்திருந்தன. குழிவு இருக்கும் இடத்தில் வெடியின் வேகம் ஒன்று குவிகிறது என்பதற்கு அது சாட்சி.

கூம்புக் குண்டில் நடப்பதும் இதுதான், இன்னும் தீவிரமாக. நன்றாகப் பழுத்த நாட்டு மாம்பழத்தின் நுனியைக் கடித்து ஓட்டை போட்டு, சுற்றிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் சாறு பீய்ச்சி அடிக்குமே, அப்படி வெடி சுற்றிலுமிருந்து செம்புக் கூம்பை நசுக்கும்போது நடுவிலிருந்து மெல்லிய செம்புத் தாரை ஒன்று முன்னால் பாயும். அதன் நுனி நொடிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

செம்பு உருகி எஃகைக் கரைத்துக்கொண்டு போகிறது என்று எத்தனையோ இடத்தில் எழுதியிருப்பார்கள். தவறு. செம்பு திடமாகவேதான் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் மோதும்போது எழும் அழுத்தத்துக்கு முன்னால் செம்பின் உறுதியும் எஃகின் உறுதியும் ஒன்றுமில்லாமல் போகின்றன. இரண்டும் திரவம் நடந்துகொள்வது மாதிரி நடந்துகொள்கின்றன. எஃகு பக்கவாட்டில் ஒதுங்குகிறது, தாரை தேய்ந்துகொண்டே உள்ளே போகிறது. எண்ணெய்க் கிணறுகளில் ஆழத்தில் குழாயின் சுவரைத் துளைக்கவும் இதே கூம்பு மருந்தைத்தான் இறக்குகிறார்கள்.

இவ்வளவு பலமுள்ள தாரைக்கு ஒரு பலவீனம் உண்டு. ரொம்ப நாசூக்கான பொருள் அது. கவசத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வெடித்தால் தாரை முழுதாக உருவாகி நீள நேரம் போதாது. ரொம்பத் தள்ளி வெடித்தால் நீண்டுகொண்டே போய்த் துண்டு துண்டாக அறுந்து, ஒவ்வொரு துண்டும் தடம் விலகித் திரும்பிவிடும். இடைப்பட்ட சரியான தூரத்தில் வெடித்தால்தான் முழுப் பலன். கூம்புக் குண்டை எதிர்க்கும் தந்திரங்கள் பெரும்பாலும் இந்த ஒழுங்கைக் கெடுப்பதில்தான் இருக்கின்றன.

இப்போது சங்கிலிக்கு வரலாம். மெர்காவாவின் டரெட் பின்பக்கம் நீண்டு, உடலுக்கு வெளியே கூரை இறக்கியது மாதிரி நிற்கும். அதற்கும் டாங்கி உடலுக்கும் நடுவே ஓர் இடைவெளி. பின்னாலிருந்து வரும் குண்டு அந்த இடைவெளியில் நுழைந்தால் நேராக டரெட்டும் உடலும் சேரும் வளையத்தில் போய்ப் படும். டாங்கியில் அதைவிட மோசமான இடம் கிடையாது. அங்கே தகடு வைத்து அடைத்தால் டரெட் சுழலும்போது இடிக்கும், எடையும் ஏறும். சங்கிலி தொங்கினால் எதில் பட்டாலும் வளைந்து கொடுத்துவிடும். ராக்கெட்டின் மூக்கு உருண்டையில் மோதி அங்கேயே வெடித்துவிட்டால், தாரை மிச்ச தூரத்தைக் காற்றில் கடந்து கலைந்த நிலையில்தான் கவசத்தைத் தொடும். 1982 லெபனான் போரில் ஆர்பிஜி-க்களோடு மல்லுக்கட்டிய பிறகு வந்த ஏற்பாடு இது. செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அதனாலேயே எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

இரும்புப் பட்டைகளைச் சட்டத்தில் வரிசையாக வெல்டு செய்து டாங்கியைச் சுற்றி மாட்டும் கூண்டைப் பார்த்திருப்பீர்கள். சங்கிலியும் கூண்டும் ஒரே வேலை செய்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கூண்டின் வேலை வேறு. ஆர்பிஜி-7 குண்டின் மூக்கில் ஒரு படிகம் உண்டு. மோதி நசுங்கினால் அதில் மின்சாரம் பிறக்கும். மூக்கின் வெளிக்கூடு, உட்கூடு என்ற இரண்டு உலோகக் கூம்புகள் வழியாக அந்த மின்சாரம் பின்னால் போய் வெடியைத் தூண்டும். கூண்டுப் பட்டைகளுக்கு நடுவே விடும் இடைவெளியை, குண்டின் மூக்கு நுழைந்துவிடும்படியும் தடித்த உடம்பு மாட்டிக்கொள்ளும்படியும் கணக்காக வைக்கிறார்கள். மாட்டிக்கொண்டதும் வெளிக்கூடு நசுங்கி உட்கூட்டைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். மின்சாரம் வெடிக்குப் போகாது. குண்டு வெடிக்காமல் சிதையும்.

இது எல்லா நேரமும் பலிக்காது. மூக்கு நேராகப் பட்டையிலேயே பட்டால் குண்டு வெடித்துத்தான் தீரும். அப்போது கூண்டு கொடுக்கும் ஒன்றிரண்டு சாண் தூரம் பாதுகாப்பும் ஆகாது. சில குண்டுகளுக்கு அந்தச் சிறு தூரம் தாரை நீள உதவியாகக்கூட அமைந்துவிடலாம். கூண்டு போட்ட எல்லா வண்டியும் பத்திரம் என்று நம்புவதற்கில்லை.

டாங்கியின் மேல் செங்கல் அடுக்கிய மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகள் இருந்தால் அவற்றில் இருப்பது வெடிமருந்து. ஆமாம், கவசத்துக்கு வெளியே வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு போருக்குப் போகிறார்கள். இரண்டு உலோகத் தகடு, நடுவில் மருந்து, முழுவதும் சாய்வாக மாட்டப்பட்டிருக்கும். செம்புத் தாரை உள்ளே பாய்ந்ததும் மருந்து வெடித்துத் தகடுகளை எதிரெதிர்ப் பக்கம் தள்ளும். சாய்ந்த தகடு நகரும்போது தாரையின் வழியில் ஓட்டை விழாத புது உலோகம் வந்துகொண்டே இருக்கும். தாரை அதையெல்லாம் அறுத்து அறுத்தே தீர்ந்துபோகும். மன்ஃப்ரெட் ஹெல்ட் என்ற ஜெர்மானியர் இதில் முன்னோடி. போரில் முதலில் பயன்படுத்தியது இஸ்ரேல், அதே 1982-ல். நம் ராணுவத்தின் டி-90 பீஷ்மாவின் முகத்தில் இருப்பது ரஷ்யாவின் காண்டாக்ட்-5 என்ற வகை. அது செம்புத் தாரையோடு, அடுத்துச் சொல்லப்போகும் கம்பிக் குண்டையும் ஓரளவு கெடுக்கும்.

துப்பாக்கித் தோட்டா பட்டால் இந்தப் பெட்டி வெடிக்காது. அந்த அளவுக்கு மந்தமான மருந்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வெடிக்கும் நேரத்தில் பக்கத்தில் நடந்துவரும் சொந்தக் காலாட்படை வீரனின் கதி என்ன என்பதற்கு நல்ல பதில் இல்லை. எதிராளியும் சும்மா இருக்கவில்லை. முன்னால் ஒரு சின்னக் கூம்பு, பின்னால் பெரிய கூம்பு என்று இரட்டைத் தலைக் குண்டு செய்தான். சின்னது பெட்டியை வெடிக்க வைக்கும், பெரியது பின்னாலேயே உள்ளே போகும்.

கம்பிக் குண்டு

டாங்கியை டாங்கி சுடும்போது வருவது பெரும்பாலும் வேறு சாதி. அதில் வெடிமருந்தே கிடையாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் பருமன், அரை மீட்டருக்கு மேல் நீளம் உள்ள டங்ஸ்டன் கலவைக் கம்பி, பின்னால் துடுப்பு, நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வேகம். லேத்தில் கார்பைடு டிப் மாற்றிப் பழகியவர்களுக்கு டங்ஸ்டன் புதிதல்ல. ஆனால் இது நொறுங்கும் கார்பைடு கிடையாது, நிக்கலும் இரும்பும் சேர்ந்த உறுதியான கலவை. எஃகை விட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி. திருச்சியில் ஹெவி அலாய் பெனட்ரேட்டர் தொழிற்சாலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே இந்தக் கம்பிதான் தயாராகிறது.

இதற்குச் சங்கிலியும் கூண்டும் பொருட்டே இல்லை. தகட்டைச் சாய்த்து வைப்பது பழைய வைத்தியம். சோவியத் டி-34-ல் 45 மில்லிமீட்டர் முன்தகட்டை 60 டிகிரி சாய்த்தார்கள், நேராக வரும் குண்டுக்கு அது 90 மில்லிமீட்டராக எதிர்ப்பட்டது, பழைய குட்டைக் குண்டுகள் சறுக்கியும் போயின. நீளக் கம்பி அவ்வளவு சுலபமாகச் சறுக்காது. அதனால் 1960-களில் பிரிட்டனில் சோபம் என்ற இடத்தில் பீங்கான் வகைக் கடினப் பொருளை எஃகுக்கு நடுவில் அடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அர்ஜுனின் காஞ்சன் கவசமும் அந்த வம்சம்தான். அதை உருவாக்கிய உலோக ஆய்வகம் ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் இருப்பதால் அந்தப் பெயர். உள்ளே எந்த அடுக்கு எத்தனை என்பதை எந்த நாடும் வெளியே சொல்வதில்லை. ஜெர்மனியின் லெப்பர்ட் 2ஏ5 டரெட்டின் முன்னால் கூர்மையான மூக்கு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அதன் உள்ளே பெரும்பகுதி காலி இடம். கம்பியை முதலில் சாய்வாகச் சந்தித்து அதன் போக்கைக் கோணலாக்கிவிட்டு, பிறகு உண்மையான கவசத்தில் மோத விடுவது அதன் வேலை. கோணலாக வரும் கம்பி ஒடியும்.

குண்டு உள்ளே வந்துவிட்டால்

என்ன செய்தாலும் ஏதாவது ஒன்று ஒருநாள் உள்ளே வரத்தான் போகிறது. டாங்கி வடிவமைப்பில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த பகுதி இதுதான். ஆளைக் கொல்வதில் செம்புத் தாரைக்கோ கம்பிக்கோ கிடைக்கும் பங்கு குறைவு. கவசத்தின் உட்புறத்திலிருந்து தெறிக்கும் எஃகுத் துணுக்குகள் ஒரு காரணம். அதற்காக உட்சுவரில் கெவ்லர் போன்ற இழைப் பாய்களைப் பொருத்துகிறார்கள். ஆனால் பெரிய எமன் டாங்கியின் சொந்தக் குண்டுகள். அவற்றை உந்தும் மருந்து தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் பிழைப்பது அபூர்வம்.

என் தாய்மாமா போச்சம்பள்ளிக்காரர், டி-72 டாங்கியில் கன்னராக, அதாவது பீரங்கி சுடுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். குண்டெல்லாம் எங்கே வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். "எங்க வைக்கறதா? நாங்க உக்காந்திருக்கறதே அது மேலதான் மாப்ளே" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டி-72-ல் தரையோடு தரையாக ஒரு சுழல் தட்டு. அதில் 22 குண்டுகளும் அவற்றின் மருந்துகளும் வட்டமாகப் படுத்திருக்கும். கன்னரும் கமாண்டரும் இருப்பது அதற்கு நேர் மேலே. பொத்தானை அழுத்தினால் தட்டு சுழன்று, வேண்டிய குண்டைத் தூக்கிப் பீரங்கிக்குள் தள்ளும். அந்த எந்திரம் கன்னரின் வலக்கைப் பக்கம் வேலை செய்யும். மாமா அதை விவரிக்கும்போது இன்றைக்கும் வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வார். கவனித்துவிட்டு நான் சிரித்தால், "நீ உக்காந்து பாத்திருந்தா தெரியும்" என்பார்.

இந்த ஏற்பாட்டால் குண்டு ஏற்றும் நான்காவது ஆள் வேண்டியதில்லை. ஆள் குறைந்தால் டாங்கி சின்னதாகும். டி-72 உயரம் 2.2 மீட்டர்தான், எடையும் மேற்கத்திய டாங்கிகளை விடப் பல டன் குறைவு. குண்டுகளைத் தரைமட்டத்தில் வைத்ததிலும் நியாயம் உண்டு, எதிரியின் குண்டு பெரும்பாலும் மேல்பாதியில்தான் படும். ஆனால் சுழல் தட்டில் அடங்காத மிச்சக் குண்டுகளை உள்ளேயே அங்கங்கே சொருக வேண்டியிருந்தது. ஒன்று பற்றினால் எல்லாம் பற்றும். மூடிய எஃகுப் பெட்டிக்குள் அத்தனை மருந்தும் சேர்ந்து எரியும்போது எழும் அழுத்தம் பல டன் எடையுள்ள டரெட்டையே பிடுங்கி மேலே எறிந்துவிடும். 1991 வளைகுடாப் போரிலும் 2022-க்குப் பிறகு உக்ரைனிலும் அப்படித் தலை இழந்து கிடந்த டாங்கிகளின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவின் ஆப்ரம்ஸ் 1980-ல் வேறு வழியில் வந்தது. பெரும்பாலான குண்டுகள் டரெட்டின் பின்பக்கம் தனி அறையில். ஆட்களுக்கும் அந்த அறைக்கும் நடுவே தடித்த எஃகுக் கதவு. குண்டு ஏற்றுபவர் முழங்காலால் ஒரு ஸ்விட்சை அழுத்தினால் கதவு பக்கவாட்டில் விலகும். ஒரு குண்டை உருவிக்கொண்டு காலை எடுத்ததும் கதவு மூடிக்கொள்ளும். அறையின் கூரையை மட்டும் வேண்டுமென்றே பலவீனமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே குண்டுகள் பற்றினால் முதலில் பிய்த்துக்கொண்டு பறப்பது அந்தக் கூரைத் தகடுதான். தீயும் அழுத்தமும் வானத்தைப் பார்த்துப் போய்விடும், கதவுக்கு இந்தப் பக்கம் நான்கு பேர் உயிரோடு இருப்பார்கள். டாங்கி போனால் போகட்டும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் கவசத்தில் ஓர் இடத்தை உடைவதற்கென்றே விடுவது பெரிய துணிச்சல். சங்கிலியை விடவும், வெடிக்கும் பெட்டியை விடவும் எனக்கு இதுதான் உயர்வாகத் தெரிகிறது. அர்ஜுனிலும் குண்டுகளைப் பிரித்து வைத்து, வெடித்தால் மேலே திறந்துகொள்ளும் இந்த ஏற்பாடு உண்டு.

இதோடு தீயணைப்பும் சேர்ந்தது. தீயின் ஒளியைக் கண்டதும் ஆள் கை வைக்காமலேயே வாயுவைப் பீய்ச்சி, கால் நொடிக்குள் அடக்கும் கருவிகள் இப்போதைய டாங்கிகளில் சாதாரணம்.

எஞ்சினையே கேடயமாக்கியவர்கள்

அநேகமாக எல்லா நாட்டிலும் டாங்கிக்கு எஞ்சின் பின்னால். மெர்காவாவுக்கு முன்னால். இஸ்ரேல் டால் என்ற தளபதியின் யோசனை அது, 1979-ல் படையில் சேர்ந்தது. முன்கவசத்தைத் துளைத்து வருவது அடுத்து எஞ்சினைத் துளைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஆட்கள். எஞ்சின் முன்னால் போனதால் பின்னால் இடம் கிடைத்தது, அங்கே ஒரு கதவு வைத்தார்கள். குண்டு ஏற்றிக்கொள்ளவும், அடிபட்டவரை உள்ளே எடுக்கவும், டாங்கி நின்றுவிட்டால் எதிரியின் கண்ணில் படாமல் இறங்கி ஓடவும் அது பயன்படும். மற்ற டாங்கிகளில் மேல்மூடியைத் திறந்துகொண்டு குண்டு மழைக்கு நடுவே ஏறிக் குதிக்க வேண்டும். ஜனத்தொகை குறைவான நாடு, வண்டியை விடப் பழகிய ஆள்தான் அவர்களுக்கு அரிது. இதற்கு விலையும் உண்டு. முன்னால் பட்ட அடி ஆளைக் கொல்லாவிட்டாலும் எஞ்சினைக் கொன்று வண்டியை நிறுத்திவிடும்.

ஸ்வீடன்காரர்கள் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். 1967-ல் படைக்கு வந்த எஸ்-டாங்கியில் டரெட்டே கிடையாது. பீரங்கி உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டது. குறி பார்க்க வேண்டுமானால் டாங்கியே திரும்ப வேண்டும், ஏற்றி இறக்க சஸ்பென்ஷன் குனிந்து நிமிரும். டரெட் இல்லாததால் உயரம் குறைந்து, முன்தகட்டை அதீதச் சாய்வில் வைக்க முடிந்தது. முன்னால் மாட்டும் கம்பித் தடுப்பைப் பல வருஷம் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் வரிசையாக டீசல் கேன்கள், செம்புத் தாரையைக் கலைப்பதற்காக. மூன்று பேரில் ஒருவர் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார். ஆபத்து என்றால் அவர் ஓட்டுவார், டாங்கி முகத்தை எதிரிக்குக் காட்டியபடியே முழு வேகத்தில் பின்வாங்கும்.

பிரிட்டிஷ் டாங்கிகளில் சென்சூரியன் காலத்திலிருந்து தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்பாத்திரம் ஒன்று உள்ளேயே இருக்கிறது. டீ போடத்தான். கேலியாகத் தோன்றலாம். ஆனால் டீக்காகக் கீழே இறங்கி அடுப்பு மூட்டும் வீரன் கவசத்துக்கு வெளியே நிற்கிறான். உள்ளேயே கிடைத்தால் அவன் இறங்க வேண்டியதில்லை. ஆகவே அதுவும் கவசக் கணக்கில்தான் வரும்.

படாமலே தப்பிப்பது

ரஷ்ய டி-90-ன் பீரங்கிக்கு இருபுறமும் சிவப்பாக எரியும் இரண்டு கண்களைப் பார்த்திருப்பீர்கள். ஷ்டோரா என்று பெயர். அந்தக் கால ஏவுகணைகள் சில, வாலில் ஓர் அகச்சிவப்பு விளக்கோடு பறக்கும். ஏவியவரின் கருவி அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்து ஏவுகணைக்கு வழி சொல்லும். ஷ்டோரா கண்கள் அதே மாதிரி ஒளியை இன்னும் பலமாக வீசும். கருவி குழம்பி, டாங்கியில் தெரிவதை ஏவுகணை என்று நினைத்துத் தப்பான கட்டளை அனுப்பும். லேசர் பட்டால் உணர்ந்து தானாகப் புகைக் குண்டு வீசுவதும் அதன் வேலை. நம் பீஷ்மாக்களில் இந்தக் கண்கள் இல்லை.

வரும் குண்டை வழியிலேயே அடிப்பது அடுத்த கட்டம். 1983-லேயே சோவியத் டி-55 சிலவற்றில் ட்ரோஸ்ட் என்ற பெயரில் முயன்றார்கள். இன்று பேர் வாங்கியது இஸ்ரேலின் ட்ரோஃபி. டரெட்டைச் சுற்றித் தட்டையான நான்கு ரேடார் பலகைகள். ராக்கெட் கிளம்பியதும் அதன் பாதையைக் கணக்கிடும். டாங்கியில் படாது என்று தெரிந்தால் விட்டுவிடும். படும் என்றால் சுழலும் ஏவி திரும்பிச் சின்ன உலோகத் துணுக்குகளைப் பொழிந்து நடுவழியில் சிதைக்கும். 2011 மார்ச்சில் காசா எல்லையில் முதல் முறையாக நிஜத்தில் பலித்தது. பிறகு அமெரிக்காவும் ஆப்ரம்ஸில் மாட்டியது.

இந்த வழி இன்னும் முக்கியமாகப் போவது கனம் குறைந்த வண்டிகளுக்கு. 2020 லடாக் மோதலில் டி-72, டி-90-களை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டிவந்தது. அதற்குப் பிறகு உருவான ஜோராவர் என்ற இலகு டாங்கியை 2024 ஜூலையில் ஹசீராவில் காட்டினார்கள். எடை 25 டன். அந்த எடையில் கம்பிக் குண்டைத் தாங்கும் கவசத்துக்கு இடமே கிடையாது. படாமல் தப்பினால்தான் உண்டு.

கூரை

டாங்கியின் கூரை எப்போதுமே மெல்லியது. ஜாவலின் போன்ற ஏவுகணைகள் உயரப் போய்த் தலைமேல் இறங்குவது அதனால்தான். இப்போது சில பத்தாயிரம் ரூபாய் உதிரி பாகங்களில் கட்டிய ட்ரோன், ஆர்பிஜி குண்டைக் கட்டிக்கொண்டு அதையே செய்கிறது. ரஷ்ய டாங்கிகளின் டரெட்டுக்கு மேல் கம்பிக் கூரை முளைத்தது 2021 கடைசியில். ஆரம்பத்தில் உலகமே கேலி செய்தது. ஜாவலினுக்கு எதிராக அது ஒன்றும் செய்யாது என்பதும் உண்மைதான். ஆனால் சின்ன ட்ரோன்களைக் கூரைக்குத் தள்ளியே நிறுத்த ஓரளவு உதவியது. 2023 அக்டோபரில் இஸ்ரேலும் மெர்காவாக்களுக்கு மேல் கூரை போட்டது.

2024 வசந்தத்தில் ரஷ்யர்கள் இதன் எல்லைக்கே போனார்கள். டாங்கி முழுவதையும் மூடித் தகரக் கொட்டகை கட்டினார்கள், ஆமை டாங்கி என்று உலகம் பேர் வைத்தது. எங்கள் அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விட இதுதான் பிடித்திருக்கிறது. ஆங்கிளும் ஷீட்டும் வெல்டிங் செட்டும் இருந்தால் தாங்களே கட்டிவிடலாம் என்கிறார்கள். கட்டலாம். ஆனால் உள்ளே டரெட் சுழலாது, பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது, பீரங்கி ஏறக்குறைய முன்பக்கம் மட்டுமே சுடும். ஸ்வீடன்காரர்கள் யோசித்துத் தள்ளி வைத்த டரெட்டை இவர்கள் வேறு வழியில்லாமல் முடக்கினார்கள். அதனால் ஆமை டாங்கியைச் சண்டைக்கு என்று அனுப்புவதில்லை. முன்னால் கண்ணிவெடிகளை மிதித்து வெடிக்க வைக்கும் உருளையும், கூரையில் ட்ரோன் சிக்னலைக் கெடுக்கும் ஜாமரும் மாட்டி, வரிசையில் முதல் வண்டியாக விடுகிறார்கள். அது அடி வாங்கிக்கொண்டே வழி திறக்க, காலாட்படையை ஏற்றிய வண்டிகள் அதன் தடத்திலேயே பின்னால் வருகின்றன.